பன்னிரண்டாவது கொக்கி

வெள்ளி இரவு, யீஷூன், பதினோராம் மாடி.
கிளாடிஸ் அக்காவின் கரிபப் ஆறிக்கொண்டிருக்க
வழக்கு சூடாகிறது.

"விசுவாசம் போதும்" என்கிறார் ஞானசிகாமணி.
"நியாயப்பிரமாணம் எம்ஆர்டி மேடையின் மஞ்சள் கோடு.
எங்கே நிற்கலாம் என்று சொல்லும்.
ரயிலை வரவழைக்காது."

ரெஜினால்ட் விடவில்லை.
"அப்போ கோட்டைத் தாண்டி நிற்கலாமா?
தள்ளுபடி உண்டென்று தெரிந்தே கடன் வாங்குகிறவன்
விசுவாசியா, எத்தனா?"

எல்லோரும் சிரித்தார்கள்.
என் முறை வந்ததும்
கிருபையின் பக்கம் பேசினேன்,
பாஸ்டரே பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்ளும்படி.
தேவைப்பட்டவன் வாயில்
உபதேசம் எத்தனை சரளமாய் வருகிறது!

செவ்வாய் காலை, துவாஸ் கப்பல் பட்டறை.
மழைக்கு முன் முடிக்கச் சொல்லி
மேலிடத்திலிருந்து மூன்று அழைப்பு.
பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பட்டை,
படிவத்தில் பன்னிரண்டு கட்டம்.
பதினொன்றைத் தொட்டுப் பார்த்தேன்.
பட்டியலின் கடைசிப் பெயரை
நம்பினேன்.
கையெழுத்து அழகாகவே விழுந்தது.

மூன்று மணிக்குப் பலகை சறுக்கி
ஷஃபிகுல் தொங்கினான்
கப்பலின் வயிற்றுக்கு வெளியே,
ஒரு நிமிடமோ, நாற்பது விநாடியோ.
கயிறு பிடித்தது.
இறங்கியதும் தண்ணீர் கேட்டான்.
என் பொய்
அந்தக் கட்டத்துக்குள்ளேயே
மெய்யாகிவிட்டது.

தாங்கியது எது?
என் விசுவாசமா? நான் மீறிய சட்டமா?
புதன்கிழமை போனேன்,
வேறெதையோ விசாரிக்கிறவன் போல.
"பழைய கொக்கி சரியில்ல பாஸ்.
நானே மாத்தினேன். தினம் பார்ப்பேன்"
என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டு
உதட்டுக்குள் ஏதோ ஓதியபடி
ஏணியைப் பிடித்தான்.

இதை நான் யீஷூனில் சொல்லவில்லை.
லிஃப்டில் இறங்கும்போதும்
அவர்கள் இருவரும் வாதாடிக்கொண்டுதான் வந்தார்கள்.
எனக்குப் பொட்டலம் கட்டித் தந்த கரிபப்
கையில் எண்ணெய் கசிந்தது.

திங்கள், ஆறே முக்கால்.
ஒவ்வொரு கொக்கியையும் இரண்டு தரம் இழுக்கிறேன்,
விரல் சிவக்க.
மன்னிக்கப்பட்டவனின் நன்றியா இது,
மாட்டிக்கொள்ளாதவனின் பயமா?
பின்னால் லாரி ஹார்ன் அடிக்கிறது.

வரிசையின் கடைசியில் ஷஃபிகுல்
இரு கைகளையும் அகல விரித்து நிற்கிறான்,
நான் தொட்டுப் பார்க்க வசதியாக.
"ஆச்சா பாஸ்?"

இரு.
இன்னும் ஆகவில்லை.