பழைய பட்டு எடுக்கிறது

டிவிஎஸ் வண்டியில் கட்டிய ஒலிபெருக்கியைப்
பேச விட்டுவிட்டு
வாய்மூடி வருகிறார் அவர், முக்கூடல் கீழத்தெருவில்:
‘கிழிந்த பட்டு, நைந்த பட்டு, ஜரிகைப் பட்டு எடுக்கிறது.’

மடியில் முறம். இலை, தூள், கத்தரி.
இன்னும் முந்நூறு சுற்றினால்தான் இன்றைய கணக்கு.
காதில் விழுந்த சொல்
விரலில் நூலோடு சேர்ந்து சுற்றுகிறது.

வாழ்க்கைப்பட்டு வந்தது இந்த ஊருக்கு.
கடன்பட்டு எடுத்தது அந்தச் சேலை.
ஆசைப்பட்டு என்று சொல்ல முடியாது;
டவுன் ரதவீதியில், கடைக்கு வெளியே
வெயில்பட்டு நின்றவள் நான்.
நிறம் தேர்ந்தது மதினி.

கட்டியது மூன்று தரம்.
கடைசியாய், கொழுந்தன் மறுவீட்டில்.
பந்தியில் சொதி பட்டு
இடுப்பருகே வெளிறிய ஒரு தீவு.

கொண்டுபோய்க் கொடுத்தேன்.
அவர் விரித்துப் பார்க்கவில்லை.
முந்தியோரம் இரண்டு இழை உருவி
ஒன்றைக் கொளுத்தினார்.
முடி கருகிய நாற்றம்.
‘பட்டு அசல்தான் தாயி.’
மற்றதைக் கல்லில் உரசி
ஒரு சொட்டு விட்டு, பொறுத்து,
‘ஜரிகை செம்பு. வேண்டாம்.’

பட்டு அசல்னு சொன்னீங்களே?

‘பட்ட வச்சி நான் என்ன செய்ய?
அத எரிச்சிட்டு வெள்ளியத்தான எடுக்கோம்.’

தெருத்தெருவாய் ஒரு சொல்லைக் கூவிப் போகிறவருக்கு
அந்தச் சொல் வேண்டாம்.
எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் கொஞ்சம்.
வண்டி இரண்டு தரம் இருமிவிட்டுத்தான் கிளம்பியது.

பின்வாசலில் முருங்கை
பட்டுப்போய் ஒரு வருஷம்.
அதற்கும் இதே சொல்தான். யார் வைத்தார்களோ.

சேலையை மடித்து உள்ளே வைக்கத்தான் போனேன்.
கையில் கத்தரி இருந்தது.
முந்தியை வெட்டி, நனைத்து, பிழிந்து
வெட்டிய இலையை அதில் பொதிந்தேன்.
சாக்கைவிட நன்றாய் ஈரம் பிடிக்கிறது.

மறுநாள் கடையில் கட்டு எண்ணிய கொம்பையா
இரண்டு தரம் புரட்டிப் பார்த்தான்.
இன்றைக்கு ஒன்றுகூடக் கழிவு இல்லை.
‘என்ன முப்பிடாதி,
இலையெல்லாம் இம்புட்டுப் பதமா இருக்கு?’

பட்டு, என்றேன்.

‘எது பட்டு?’

பாஸ் புத்தகத்தை நீட்டி
வரவு வைக்கச் சொன்னேன்.