மஞ்சள் ஏறாத குப்பி

கூத்தாநல்லூரில் மூன்று வாசல் வைத்த வீடு.
கொல்லையில் நீச்சல் குளம், முப்பதடிக்குப் பதினைந்து,
ஒரு கோடியில் முழங்கால்,
மறுகோடியில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு முழம்.
புருனேயிலிருந்து பிள்ளைகள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள்.
இன்று செவ்வாய்.

தினமும் இரண்டு குப்பி பார்ப்பேன்.
ஒன்றில் ஐந்து சொட்டு விட்டால் மஞ்சள்,
மற்றதில் ஐந்து சொட்டு விட்டால் ரோஸ்.
மஞ்சள் எலுமிச்சைத் தோலாக இருந்தால் சரி.
மாம்பழமானால் மருந்து கூடுதல், கண் எரியும்.
ரோஸுக்கு எனக்கு உவமை கிடைக்கவில்லை.
அட்டையில் நான்காம் கட்டம், அவ்வளவுதான்.

கத்திரி வெயில் நாளைக்கு அரை விரற்கடை குடிக்கும்.
குடிக்கட்டும், ஊற்றிக்கொள்ளலாம்.
இந்தக் கோடை இடிதான் ஆகாது.
நாலு மணி வரை வானத்தில் ஒன்றும் இருக்காது.
நாலேகாலுக்கு மன்னார்குடிப் பக்கம் கறுக்கும்.
முதலில் புழுதி,
அப்புறம் மயில்கொன்றையின் மொத்தப் பூவும்,
அப்புறம் யார் வீட்டுக் கொடியிலிருந்தோ ஒரு பாவாடை,
கடைசியில்தான் தண்ணீர்.

ஞாயிற்றுக்கிழமை கம்பும் கையுமாக நின்றேன்.
பதினாறு அடி அலுமினியக் கம்பு, நுனியில் வலை.
வெட்டியது.
ஒன்று என்று எண்ணுவதற்குள் இடித்தது.
நான் விட்டேனா, அது பிடுங்கிக்கொண்டதா தெரியாது.
சுவரோரத் தென்னையின் உச்சியில் புகை.
கம்பு ஆழக் கோடியில் இறங்கி
சத்தமில்லாமல் படுத்துக்கொண்டது.
கரண்ட் போனது.
இன்னும் வரவில்லை.

மோட்டார் ஓடாவிட்டால்
தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும்.
நின்றால் யோசிக்கும்.
திங்கட்கிழமை தேயிலைத் தண்ணி நிறத்தில் யோசித்தது,
இன்று காலை பச்சையாக.
தவளைகள் இரண்டே நாளில் ரேஷன் கார்டு வாங்கிவிட்டன.
மழை மட்டும் நான்கு விரற்கடை கூடுதல்.
அதை இறக்காமல் மருந்து போட முடியாது.
இறக்கினால் பக்கத்தில் பக்கிரிசாமியின் பருத்தி.
போன வருஷமே சொல்லிவிட்டார்:
"உங்க மருந்துத் தண்ணி ஒரு சொட்டு
என் வரப்பு தாண்டுச்சு, பஞ்சாயத்துதான்."

குப்பியோடு வரப்பில் ஏறினேன்.
அவர் பருத்தியும் கணுக்கால் தண்ணீரில்.
டீசல் எஞ்சின் வைத்து வடிகாலுக்கு இறைத்துக்கொண்டிருந்தார்.
மேட்டூர் திறக்க இன்னும் மூன்று வாரம், திறந்தால்.
வெண்ணாறு வெறும் மணல்.
மணலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர்
தண்ணீரைத் துரத்திக்கொண்டிருக்கிறோம்.

அவர் முன்னால் ஐந்து சொட்டு விட்டேன்.
ஆட்டினேன்.
மஞ்சள் ஏறவே இல்லை.
"மருந்து செத்துப்போச்சுங்க. இப்ப இது வெறும் குட்டைத் தண்ணி."
வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.
மோந்தார்.
ஐந்து வருஷத்தில் என் குப்பி தோற்றதைப் பார்த்து
ஒருத்தர் திருப்தியாகத் தலையாட்டியது இதுதான் முதல் தடவை.
எஞ்சினை அவரே தள்ளிக்கொண்டு வந்தார்.
டீசல் காசு மட்டும் கேட்டார்.

மழைத் தண்ணீர் இறங்கியது. கம்பு தெரியவில்லை.
கம்பில்லாமல் வலை இல்லை, பிரஷ் இல்லை,
வெள்ளிக்கிழமை இல்லை.

என்னை வேலைக்கு வைத்தபோது
பெருக்கத் தெரியுமா என்றார்கள்,
கணக்கு எழுதத் தெரியுமா என்றார்கள்.
நீந்தத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.
சுவரிலிருக்கும் கேமராவுக்கும் கரண்ட் இல்லை.
முந்தானையை இடுப்பில் செருகினேன்.

மேலே வெதுவெதுப்பு,
ஒரு முழத்துக்குக் கீழே திடீரென்று ஞாயிற்றுக்கிழமை மழை.
கண் திறந்தால் பச்சை, மூடினால் கறுப்பு.
காலால் துழாவினேன். ஓடு, ஓடு, வழுக்கும் ஓடு,
ஒரு செருப்பு, யாருடையதோ,
அப்புறம் நீளமாக, குளிர்ந்து, கம்பு.

வந்தேன். கம்பைக் கரையில் போட்டேன்.
இன்னொரு தடவை போனேன்.
எதற்கு என்று எழுத நோட்டில் கட்டம் இல்லை.

ராத்திரி புருனேயிலிருந்து போன்.
"செங்கமலம், தண்ணி எப்படி இருக்கு?"
"ஆழத்துல கொஞ்சம் சில்லுன்னு இருக்குங்க."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
நான் இரண்டு கிலோ மருந்தை வாளியில் கரைத்து
கம்பால் கலக்கப் போனேன்.