குப்பனூர் வழியும் உண்டு

முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
விரல் நுனியில் ஒரு குத்து,
பட்டையில் ஒரு சொட்டு,
இருநூற்று முப்பத்தொன்று.
"ரத்தத்துல ஏற்கெனவே கூட்டம்மா,
நாங்க ஏத்துற சர்க்கரைக்கு
இடம் கிடைக்காது" என்றாள் ஜெர்லின்,
ஸ்கேன் அறைப் பெண்.
சிரித்துவிட்டேன்.
இருபத்திரண்டு வருஷமாக
அஸ்தம்பட்டியில் கேக் போடுகிறவள் நான்.
சர்க்கரைக்கு இடமில்லை என்று
என்னிடம் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

லீ பஜாரிலிருந்து மாதம் எட்டு மூட்டை.
ஐசிங் பொடி தனி.
சலிக்கும்போது மூச்சில் ஏறுவது,
பதம் பார்க்க நாக்கில் வைப்பது,
கோணிப்போன ரோஜாவை
வீணாக்குவானேன் என்று வாயில் போடுவது,
மூன்று மணிக்கு ஒரு டீ, ஆறுக்கு ஒன்று,
ஆறு மணி டீக்குத் துணையாய் ஒரு பன்.
கணக்கு நோட்டில் ஏறாத செலவு.

கட்டி என்று தெரிந்த வாரமே
பக்கத்து ரீசார்ஜ் கடைத் தனசேகர்
செல்போனை நீட்டினான்.
"சர்க்கரைதான்க்கா அதுக்குத் தீனி.
நிறுத்துனா பட்டினியில செத்துரும்."
ஒன்பது நாள் சோறில்லை, பழமில்லை.
மல்கோவா சீசன் வேறு.
பத்தாம் நாள் மாடிப்படியில்
கண் இருட்டி உட்கார்ந்தேன்.
கட்டி அப்படியே இருந்தது.

டாக்டர் ஹபீபா கோபிக்கவில்லை.
"மூளைக்கும் அதுதாம்மா சாப்பாடு.
நீங்க தின்னாட்டி ஈரல் சமைச்சுப் போடும்.
கட்டியைத் தனியா பட்டினி போட முடியாது."
அப்போ சர்க்கரை மேல குத்தமே இல்லையா?
பேனாவை மூடினார்.
"ஏற்காடு போயிருக்கீங்களா?"

போகாமலா?
மூன்றடுக்குக் கல்யாணக் கேக்கை
மடியில் வைத்துக்கொண்டு,
கொண்டை ஊசிக்கு ஒரு சாமியாக
இருபது சாமியைக் கூப்பிட்டபடி.

"அது மாதிரிதான். நேர்ப் பாதை கிடையாது.
தேவைக்கு மேல போற இனிப்பு
ஒரு வளைவுல இடுப்புச் சதை.
அடுத்ததுல ஈரல்ல கொழுப்பு.
அப்புறம் இன்சுலின் ஏறும்,
உள்ள அணையாத ஒரு கனல்.
சில வண்டி மேல போய்ச் சேரும்,
பல வண்டி சேராது.
இனிப்பே தொடாதவங்க வண்டியும்
குப்பனூர் வழியா மேல போனதுண்டு.
உங்க வண்டி எப்படி வந்துச்சுன்னு
எனக்குத் தெரியாது.
எந்த வளைவுலயும் பிரேக் பிடிக்கலாம்,
அது தெரியும்."

இரண்டாம் தடவை நூற்று நாற்பத்திரண்டு.
ஊசியில் ஏறியது ஒளியேற்றிய சர்க்கரை.
ஒரு மணி நேரம் பேச்சில்லை, அசைவில்லை.
என் கை இவ்வளவு நேரம் சும்மா கிடந்து
நான் பார்த்ததே இல்லை.
உள்ளே அது தெருத்தெருவாகப் போய்
எந்த வீட்டில் பசி அதிகம் என்று
கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரை.
எட்டிப் பார்த்துவிட்டேன்.
மூளை எரிகிறது,
தீபாவளிக்கு முந்தின ராத்திரிக் கடைவீதி போல.
நெஞ்சில் கொஞ்சம்.
மூத்திரப்பை பளீரென்று.
இடது மார்பில் ஒரு மிளகு.
"அது மட்டும்தானா?"
"டாக்டர் சொல்வாங்கம்மா."

கையில் ஒரு சீட்டு கொடுத்தார்கள்:
இன்று இரவு வரை
குழந்தைகள், கர்ப்பிணிகள் அருகில் போகாதீர்கள்.

ஐந்து மணிக்கு இதழினியின் கேக்.
ஏழு முடிந்து எட்டு.
நேற்றே செய்தது.
சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கை
டப்பாவிலேயே விட்டுவிட்டேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

மாவு டிரம்முக்குப் பின்னால் நின்றுகொண்டு
கடைப் பையனைக் கொடுக்கச் சொன்னேன்.
"ஏன் ஆன்ட்டி அங்கயே நிக்கிறீங்க?"
என்ன சொல்வது.
இன்றைக்கு என்னிடம் இருக்கும் சர்க்கரை
உனக்கு ஆகாது என்றா?
அம்மா பர்ஸைத் துழாவும் நேரத்தில்
அவள் விரல் ஓரத்து ரோஜாவை வழித்து
வாய்க்குள் போனது.
நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
குறைந்தது தெரிகிறதா என்று.

அடுத்த ரோஜாவுக்குப் போயிற்று விரல்.