வாப்பா லேட்டு

கார்கோ பெட்டி கீழக்கரை வந்து சேர இருபத்திரண்டு நாள்.
கத்தரி தேட யாருக்கும் பொறுமையில்லை,
பல்லால் கடித்துப் பிரித்தோம்.
பால் பவுடர், தைலம், சோப்பு,
யார் காலுக்கும் சேராத ஒரு ஜோடிச் செருப்பு,
துண்டில் சுற்றி அதன்மேல் இன்னொரு துண்டும் சுற்றி
டிவியில் மாட்டி ஆடுகிற அந்தப் பெட்டி.
கூடவே புதுசாய் வந்த மூன்று ஆட்டங்கள்.
உறையின் மேலிருந்ததை அஸ்லம் எழுத்துக்கூட்டினான்:
மூன்று வயதுக்கு மேல் எல்லாரும் ஆடலாம்,
ரத்தம் கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது,
நான்கு பேர் வரை.

நாங்கள் மூன்று பேர்.

ஆடுவதற்கு முன்னால்
ஆளைச் செய்யச் சொன்னது பெட்டி.
ஜெசீமா ஊதா முக்காடு தேடினாள்,
இல்லையென்றதும் தொப்பியில் சமாதானமானாள்.
என் மூக்கை அவர்களே பொறுக்கினார்கள்.
அவ்வளவு பெரிசாவா இருக்கு என்றேன்.
பதில் வரவில்லை.

நான்காவதாக வாப்பா.
தாடி ஆறு தினுசு இருந்தது.
கறுப்பு வை என்றேன்.
உம்மா, வாப்பாவுக்கு வெள்ளைதானே என்றான் அஸ்லம்.
கறுத்த தாடியோடுதான் விமானம் ஏறினார்.
போன் திரையில் தெரிந்ததையெல்லாம்
ரூம் லைட்டின் வெளிச்சம் என்றே
வைத்திருந்தேன் நான்.
பாதி நரைத்த தாடி
ஆறில் ஒன்றிலும் இல்லை.
ஓட்டெடுத்தோம். இரண்டுக்கு ஒன்று.
வெள்ளை.

ஆடாதவர்களைப் பெட்டி வீணாக்குவதில்லை,
கூட்டத்தில் உட்கார்த்திவிடுகிறது.
நாங்கள் டென்னிஸ் ஆட
மூன்றாம் வரிசையில்
கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்து கைதட்டுகிறார்.
ஜெயித்தாலும் தட்டுகிறார், தோற்றாலும் தட்டுகிறார்,
நான் கையை ஓங்கி டியூப்லைட்டை உடைத்தபோதும்
தட்டிக்கொண்டுதான் இருந்தார்.

கைப்பிடியெல்லாம் தொதல் பிசுக்கு.
ஒன்றில் பொத்தான் அமுங்கினால் எழும்பாது,
அதை எடுத்தவர் கார் நிற்கவே நிற்காது.
அதற்குத்தான் தினம் அடிதடி.

வெள்ளிக்கிழமை ஷார்ஜாவில் லீவு.
ரூமில் ஒருத்தரிடம் இதே பெட்டி இருக்கிறதாம்.
அங்கே எட்டரை, இங்கே பத்து.
கடலுக்கடியில் கிடக்கிற கம்பி வழியாக
மட்டையோடு எங்கள் திரையில் வந்து இறங்கினார்.
அங்கே தன்னைத் தானே செய்திருந்தார்:
கறுகறுவென்று தாடி.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜெசீமா பந்தைப் போட்டாள்.
பந்து அவரைத் தாண்டிக் கோட்டைத் தாண்டி
வேலியில் மோதி உருண்டு நின்றது.
அப்புறம் மட்டையை வீசினார்.
வாப்பா லேட்டு! வாப்பா லேட்டு!
சோபாவில் புரண்டு சிரித்தார்கள்.
நெட்டு சரியில்லை, போனில் சொன்னார்,
இன்னொன்று போடு.
இன்னொன்று.
இன்னும் ஒன்றே ஒன்று.
மெதுவாப் போடுடி என்று மகளைக் கிள்ளினேன்.
மெதுவாக வந்த அந்த ஒரு பந்துக்கு மட்டும்
சீக்கிரம் வீசிவிட்டார்.
மூன்றாம் வரிசையிலிருந்து
வெள்ளைத் தாடி கறுத்த தாடிக்குக் கைதட்டியது.

பிள்ளைகள் தூங்கியபிறகு
சத்தத்தைக் குறைத்துத் தனியாக உட்கார்ந்தேன்.
எதிரே யார் என்று கேட்டது.
மூன்றாம் வரிசையைக் காட்டினேன்.
பெட்டியே ஆட்டுகிறபோது
அவரிடம் தாமதமே இல்லை.
எங்கே அடித்தாலும் அங்கே நின்றார்,
அடித்ததெல்லாம் திரும்பி வந்தது,
வேர்வை இல்லை, மூச்சு வாங்கவில்லை,
நெட்டு சரியில்லை என்று ஒரு வார்த்தை இல்லை.
பாதியில் அணைத்தேன்.
ஜன்னல் கம்பி பிசுபிசுத்தது,
சந்துக்குள் வந்த கடல் உப்பு.

காலையில் அடுத்த கார்கோவுக்கு
வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்:
பேட்டரி ஒரு டஜன்.
பால் பவுடர் பெரிய டின்னு.
செருப்பு ஏழாம் நம்பர், எழுதி வச்சுக்கங்க.
புது ஆட்டம் எதுவும் வாங்க வேணாம்,
இருக்கிறதுலயே நீங்க இன்னும்
ஒரு பந்துகூட அடிக்கல.