விடுபட்டவை 47

ஒரு மணி நேர டேப்பை ஏற்ற
ஒரு மணி நேரம் ஆகும்.
ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒயர் விற்றவன் சொன்னபோது
நான் நம்பவில்லை.
ஏதாவது குறுக்குச் சந்து இருக்கும் என்று நினைத்தேன்.
கொருக்குப்பேட்டைக்காரன்,
சந்து இல்லாமல் எங்கே போயிருக்கிறேன்.

இருநூற்றைம்பது ரூபாய் ஒயர்.
ஒரு முனை தீக்குச்சித் தலை,
மறுமுனை கட்டைவிரல் நகம்.
கேமரா மச்சான் கன்னியப்பனுடையது.
குவைத்திலிருந்து வந்த வருஷம்
என் மகள் காதுகுத்தலை எடுத்தான்.
பிறகு ஆறு வருஷம் பீரோவில்,
அந்துருண்டையோடு.

எனக்கு வேண்டியது காதுகுத்தல் இல்லை.
மாடிப்படி.
முக்கால் அடி தன் பக்கம் வந்துவிட்டது என்கிறான்
பக்கத்து வீட்டுத் துலுக்காணம்.
போன வருஷம்தான் கட்டினேனாம்.
ரெண்டாயிரத்து மூணுலயே இருந்துச்சுன்னு காட்டுங்க,
தேதியோட காட்டுங்க, என்றார் வக்கீல்.
எட்டு மாதமாகப் பேச்சு இல்லை.
குழாயடியில் அவன் குடம் என் குடத்தைப் பார்ப்பதில்லை.

பதிமூன்று ஜிபி இடம் வேண்டும்.
மகள் வைத்திருந்த கேம் இரண்டை அழித்தேன்,
அவளும் பேச்சை நிறுத்திவிட்டாள்.
சி.பி.யூ. மூடியைக் கழற்றி
டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி
ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி
அமுக்கினேன்.

முதலில் வந்தது கன்னியப்பனின் கட்டைவிரல்.
பிறகு, நிறுத்த மறந்து, நாலு நிமிஷம் செருப்புகள்.
ஊக்கு குத்திய வார் என்னுடையது.
கேமராவின் தீப்பெட்டித் திரையில் தேதி தெரிகிறது,
கம்ப்யூட்டருக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறது.

படி வரவேண்டிய இடத்தில் எல்லாம்
யாராவது நிற்கிறார்கள்.
சாமியானா கயிறு. பிரியாணி அண்டா.
அடுக்கிய வாடகை நாற்காலிகள், அதன் உச்சியில் ஏறி
பல்பு மாட்டுகிற துலுக்காணம்,
தலை நிறைய முடியோடு.
எறங்குடா, என்று கத்துகிறேன் நான்,
அப்போதும்
இப்போதும்.

தாய்மாமன் மடியில்தானே காது குத்தணும்.
கன்னியப்பன் போய் உட்காருகிறான்.
கேமரா கை மாறுகிறது,
வானம், சாமியானா ஓட்டை, ஒரு காது,
பிறகு அசையாமல் நிற்கிறது.
இதுவரை அப்படி நின்றதே இல்லை.
மகள் முகம் மட்டும், திரை முழுக்க.
ஆசாரி ஊசியை எடுக்கும்போது
மைக்குக்குப் பக்கத்தில், மூச்சோடு, ஒரு குரல்:
அழாத கண்ணு, தோ முடிஞ்சிச்சு, தோ,
மாமன் கீறேன் இல்ல.

ஃபேனை நிறுத்தினேன்.
அவன் குரல்தான்.

அவள் அழுது முடித்ததும் கேமரா மெல்லத் திரும்புகிறது,
அண்டா தாண்டி, கயிறு தாண்டி,
படி இருக்கவேண்டிய மூலைக்கு.
அந்த நேரம் பார்த்து கூட்ஸ் வண்டி.
டேங்கர் டேங்கராக, சுவர் உதற, மேசை உதற,
ஒயர் முனை லேசாக ஆட,
கட்டம் கட்டமாக உடைந்தது படம்.
சேர்ந்து வரும்போது பந்தி நடக்கிறது.
கீழே எழுதியிருந்தது:
விடுபட்ட ஃபிரேம்கள் 47.

"இன்னா, என் கொரல் கேக்குது?"

வாசலில், அதே படியின் கடைசிக் கட்டையில்
ஒரு காலை வைத்து நிற்கிறான்.
வா என்றும் சொல்லவில்லை நான்,
போ என்றும்.
டேப் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த முடியாது.
மிச்சம் இருபத்திரண்டு நிமிஷமும் நின்றே பார்த்தான்.
செத்துப்போன அவன் ஆடு வந்தது, இலை தின்றது.
ரெண்டு பேரும் சிரிக்கவில்லை.

திரை நீலமானதும் சொன்னான்:
"படி தெர்ல இல்ல?"
அவனும் அதைத்தான் தேடியிருக்கிறான்.
"வண்டி பூட்சி. இன்னொரு தபா போடு."

ரீவைண்ட் ஆக மூன்று நிமிஷம்.
இந்த வேலையில் அது ஒன்றுதான் சீக்கிரம் நடக்கும்.
அதற்குள் உள்ளேயிருந்து
நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டேன்,
என்னுடையதிலிருந்து
முக்கால் அடி தள்ளி.