பதினாறு ஜிபிக்கு முறை வைத்தல்

ஆடிப்பெருக்குக்கு முந்தின ராத்திரி
அப்டேட் போட்டேன். போட்டிருக்கக் கூடாது.
கெர்னல் ஒரு பக்கம் இழுக்க
கிராஃபிக்ஸ் டிரைவர் ஒரு பக்கம் இழுக்க
திரை கறுத்து, இடது மூலையில்
ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டியது.
நீடாமங்கலம் கேட்டில் மாட்டிய பஸ் மாதிரி
ஒன்பது வருடத்து வேலை
அந்தக் கோட்டுக்குப் பின்னால் நின்றது.

விடிவதற்குள் பென்டிரைவ் போட்டு மீட்டுவிட்டேன்.
மீட்ட கையோடு முடிவு செய்தேன்:
இனி இந்த லேப்டாப்பில் நேராக எதுவும் குடியிருக்காது.
அடியில் ஒரு மொட்டை டெபியன்,
அதன்மேல் மெய்நிகர் இயந்திரங்கள்.
ஒன்றில் கெட்டது இன்னொன்றுக்குக் கசியாது.

பெயர் வைக்கத்தான் நேரமானது.
மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரிவதை
பைக்கை ஓரங்கட்டிப் பார்க்கிறவன் நான்.
கம்பெனி வேலைக்கு வெண்ணாறு.
பேங்க், வரி, வீட்டுக் கணக்குக்குக் கோரையாறு.
எதையாவது உடைத்துப் பார்க்கப் பாமணி.
பாமணி வாரம் ஒருமுறை செத்துப் பிழைக்கும்,
ஸ்னாப்ஷாட் இருக்கிறது.

சாமான் ஏற்றும்போதுதான் தெரிகிறது
என்னென்ன சேர்ந்துபோயிருக்கிறது என்று.
ஒன்றோடொன்று பேசாத மூன்று பைத்தான்.
'புதுசு', 'புதுசு2', 'இதுதான் கடைசி',
கடைசிக்குப் பிறகும் இரண்டு ஃபோல்டர்.
எந்த வரி எதற்கென்று மறந்துபோன பாஷ் ஃபைல் ஒன்று,
அழித்தால் எதுவோ உடைகிறது,
எதுவென்றுதான் தெரியவில்லை.
அப்படியே தூக்கி வெண்ணாற்றில் விட்டேன்.
பாமணியில் தமிழ் எழுத்துரு போட மறந்ததில்
என் பெயர் கட்டம் கட்டமாக நின்றது,
இன்னும் நடாத பாத்திகள்.

வெண்ணாற்றில் நகலெடுத்ததைக்
கோரையாற்றில் ஒட்ட முடியாது.
நானே அடைத்த மதகுதான்.
நாளைக்குப் பத்து தடவை அதைத் திட்டுகிறேன்.

இருப்பது பதினாறு ஜிபி நினைவகம்.
மூன்றுக்கும் எட்டெட்டு என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.
மூன்றும் ஒரே நேரத்தில் கேட்காது என்ற தைரியம்.
டீக்கடையில் சித்திரவேலிடம் இதைச் சொன்னேன்.
பொதுப்பணித்துறை லஸ்கர், ஷட்டர் தூக்குகிறவன்.
அவன் சிரிக்கவில்லை.
கிளாஸைக் கீழே வைத்துவிட்டு,
"அப்ப கடைமடைல யாரு?" என்றான்.

அன்று ராத்திரியே முறை வைத்தேன்.
பகலில் வெண்ணாறு. பத்து மணிக்கு மேல் பாமணி.
கோரையாற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை.
ஃபேன் அலறுவது நின்றது.

செண்பகவல்லி ரைஸ் மில்லுக்குக் கணக்கு எழுதுகிறவள்.
தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.
"ஒரு லேப்டாப்புக்குள்ள மூணு லேப்டாப்பா?
கரன்ட் பில்லு ஒண்ணுதானே வரும்?"
கொஞ்ச நேரம் கழித்து,
"என் ஃபைல் எந்த ஆத்துல கெடக்கு?"

கோரையாற்றில் இல்லை.
வெண்ணாற்றில் இல்லை.
பாமணியை எழுப்பி அங்கும் துழாவினேன்.
கடைசியில், எதுவும் குடியிருக்காது என்று
நான் சத்தியம் செய்த மொட்டைத் தரையில்,
டவுன்லோட்ஸில் இருந்தது,
ஆவணி மாத நெல் வரவு, தவிட்டுக் கணக்கு,
கூடவே அவள் அக்கா மகள் காதுகுத்துப் படம் நாற்பது.
"அங்கதான் சீக்கிரம் தொறக்குது" என்றாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று மதியம் மழை. கரன்ட் போனது.
இன்வெர்ட்டர் கீச்சிட ஆரம்பித்ததும்
லேப்டாப்பை மூடி வைத்தேன்.
திறந்தபோது வெளியே நாலரை.
வெண்ணாற்றுக்குள் இன்னும் பன்னிரண்டு பத்து.
உள்ளே மழையே பெய்திருக்கவில்லை.
பாதியில் நின்ற கம்பைல்
நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி
அடுத்த வரியிலிருந்து ஓடியது.

கடிகாரத்தைத் திருத்தக் கை போனது.
கேட்டில் கூட்ஸ் வண்டி ஊதியது.
கொஞ்ச நேரம் விட்டுவைத்தேன்,
அதற்குத் தெரியாத அந்த நாலு மணி நேரத்தோடு.

பிறகு கட்டளையை அடித்தேன்.
எண்கள் ஒரே தாவில் நாலு முப்பத்தேழுக்கு வந்தன.
கீழிருந்து செண்பகம்,
"கரன்ட் வந்துருச்சா?"