வால்வு சூடாகும் வரை

பொத்தானைத் திருகினால் வெளிச்சம்தான் முதலில் வரும்.
குரல் வர அரை நிமிஷமாகும்.
அந்த அரை நிமிஷத்துக்குள்
என் கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும்,
வியாழன் இரவு எட்டே காலுக்கு.
சுங்கை சிப்புட் பெரிய சாலையில்
ஆ லியோங் காப்பிக்கடைக்கும் அடகுக்கடைக்கும் நடுவே
ஆறடி அகலம் எனக்கு.
ரேடியோ ரிப்பேர்.

தைலம்மையை அதற்கு முன்பே தெரியும்,
மேடையில்.

அவளுக்கு முன்னால் எங்கள் பக்கத்தில்
ராணி என்றால் ஸ்டோர் கிராணி கூத்தபெருமாள்.
மீசையை மழிக்க மாட்டார்.
முந்தானையால் மறைத்துக்கொண்டு அழுவார்.
நன்றாகவே அழுவார், சும்மா சொல்லக் கூடாது.
ஐம்பத்தொன்றில் காமாலையில் அவர் படுத்தபோது
பதினெட்டாம் நிரையில் பால் வெட்டுகிறவளுக்கு
எல்லார் வசனமும் தெரியும் என்றார்கள்.
ஒத்திகை நடந்த ஸ்டோருக்குப் பின்னால்தான்
தினமும் அவள் வாளி கழுவுவாள்.

ஊரடங்குக் காலம்.
ஆறு மணிக்கு மேல் கூட்டம் கூடாது என்பதால்
மயானக் காட்சியைப் பகல் மூன்று மணிக்கு வைத்தோம்.
தகரக் கூரை கொதித்தது.
முள்வேலியோரம் துப்பாக்கியோடு ஒரு கூர்க்கா.
"நடுச்சாமம் கண்ணே, நரி ஊளையிடுது" என்று
மடியில் கிடந்த தலையணையிடம் சொன்னாள்.
வெயிலில் உட்கார்ந்திருந்த முன்னூறு பேரும்
துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.
நானும்தான்.
தமிழ் தெரியாத கூர்க்கா
திரும்பி ரப்பர் காட்டைப் பார்த்தான்.

மறுநாள் பெரட்டில் தண்டல் அவள் பெயரைக் கூப்பிடவில்லை.
"ராணிக்கு எதுக்குக் கத்தி?"
இரண்டு மாதம் புல்வெட்டு.

பிறகு கோலாலம்பூரிலிருந்து கடிதம்.
வானொலி நாடகம், தடவைக்குப் பன்னிரண்டு வெள்ளி,
ரயில் காசு தனி.
எழுத்துத் தெரியாது என்பதை
அவள் அங்கே சொல்லவே இல்லை.
பிரதியை எதிர் இருக்கைக்காரர்களிடம் நீட்டுவாள்.
ஈப்போவில் ஏறிய புடவை வியாபாரி வில்லனை வாசிப்பார்,
தஞ்சோங் மாலிம் வரைக்கும்
பட்டாளத்துச் சமையல்காரர் ஒருவர் மாமியார்.
இறங்குவதற்குள் அவளுக்கு மனப்பாடம்.
ஒலிவாங்கி முன்னால்
மற்றவர்கள் தாள் புரட்டும்போது
அவளும் ஒரு தாள் புரட்டுவாள்.

ஒன்பது வருஷம்.
முகம் எவருக்கும் தெரியாது.
ஆனால் சந்தையில் "கெம்போங் கட்டி எவ்வளவு?" என்றால்
மீன்காரர் தராசை விட்டுவிட்டு நிமிர்வார்.
முந்தைய வாரம் செத்துப்போன பெண்
பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

பதிவெல்லாம் கிடையாது அப்போது.
பேசினால் போச்சு, காற்றோடு.

அறுபதில் ஒரு வியாழன்,
சிவப்பு விளக்கு எரியும் முன்
கடைசிப் பக்கத்தை மாற்றிக் கொடுத்தார்களாம்.
நேயர்கள் கேட்டுக்கொண்டதால்
கதாநாயகி பிழைக்கிறாள்.
அவள் வாங்கினாள், தலையாட்டினாள்.
ரயிலில் கற்றபடியே செத்தாள்.
கணவனாக நடித்தவர்
"பிழைச்சிட்டியே, என் உயிரே" என்று வாசிக்கத் தொடங்கி,
நிறுத்தி,
அழத் தொடங்கினார்.
தெருவெல்லாம் மூக்குச் சிந்தும் சத்தம்.
அத்தனை நல்ல நாடகத்தை நாங்கள் கேட்டதில்லை.

அதன்பின் கடிதம் வரவில்லை.

மூன்று மாதம் கழித்துத்
தன் வீட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள்.
வால்வு போயிருந்தது. மாற்றினேன்.
ரயில், தாள், கடைசிப் பக்கம் எல்லாம்
நான் வேலை செய்யும்போது அவள் சொன்னதுதான்,
வேறு யாருக்கோ நடந்ததைப் போல.
மணி எட்டே கால். திருகினேன்.
வெளிச்சம் வந்தது. காத்திருந்தோம்.
புதிய பெண் ஒருத்தி,
சுத்தமான உச்சரிப்பு,
எங்கேயும் தடுக்கவில்லை.

தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.
"வாசிக்கிறா," என்றாள்.
பிறகு, எவ்வளவு ஆச்சு என்று கேட்டாள்.
வாசலில் நின்ற எல்லாரும்
சட்டென்று திரும்பினார்கள்.